வாய்க்கூடை

மழை விட்டதும் ஏரிக்கரை முழுக்கப் புல் தழைத்தது. அனிபா தன் குதிரை மைனாவின் வாயில் பிரம்புக் கூடையை மாட்டினார். அதன் அடியில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரே ஓட்டை. முயன்றால் நாலு புல் நுனி கிடைக்கும். "வாயைக் கட்டிப் பட்டினி போடுறீங்களே பாய், அது சாபம் விடாதா?" என்று தினமும் சிரிப்பார் பக்கத்துச் சவாரிக்காரர் லூர்து. அவருடைய குதிரை கொழுகொழுவென்று இருந்தது. போன வருடம் மைனா இதே புல்லைத் தின்று கொழுத்து, குளம்பு கொதித்துப் படுத்துவிட்டது. இன்னொரு முறை படுத்தால் எழாது என்றார் டாக்டர். அன்றிலிருந்து அனிபா காலைதோறும் நான்கு குளம்புகளையும் உள்ளங்கையால் பொத்திப் பார்ப்பார். இன்றும் கூழாங்கல்போலக் குளிர்ந்திருந்தன. மைனா சரளைக்கல்லில் தலை நிமிர்ந்து நடந்தது. அனிபாவும் அப்படியே நடந்தார்.

லூர்து பின்னாலேயே வந்தார். "பாய், நம்மது காலை ஊன மாட்டேங்குது. கொஞ்சம் தொட்டுப் பாருங்களேன்."

அனிபா அவருடைய குதிரையிடம் போய் மண்டியிட்டு அதன் முன்னங்குளம்பைப் பொத்தினார். உள்ளங்கை சுட்டது. பிறகு தோள்பையிலிருந்து புதுக் கூடை ஒன்றை எடுத்து நீட்டினார்.

"முதல்ல டாக்டரைக் கூப்பிடுங்க. கால் சரியாகி நடந்ததும் இதை மாட்டுங்க. போன மாசமே பின்னிட்டேன். உங்காளு சாப்பாட்டு ராமன், ஓட்டை கொஞ்சம் சின்னது."