அறைக்குள் ஒரு துணிக்கொடி

"இது என்ன அறையா, இல்ல துணி காயப்போடுற மொட்டை மாடியா?"

வந்ததும் வராததுமாக மகள் போட்ட சத்தத்தில் அந்த முதியோர் இல்லமே எட்டிப் பார்த்தது.

அவள் கத்தியதிலும் தப்பில்லை. கட்டிலோர ஜன்னல் கம்பியிலிருந்து பாத்ரூம் வாசல் கொக்கி வரைக்கும், இடுப்பு உயரத்தில் ஒரு நைலான் கயிறு. அதில் ஈரத்துண்டு. போதாக்குறைக்கு, நட்டநடுவில் ஒரு நாற்காலி.

"வீடு மாதிரி வெச்சுக்குவோம்னு சொல்லித்தானே எங்கம்மாவைச் சேர்த்தீங்க? எந்த வீட்டுல இப்படிக் குறுக்கே கயிறு கட்டுவாங்க?"

அறையைப் பார்த்துக்கொள்ளும் ஆயா கையைப் பிசைந்தாள். "தப்புதாம்மா. மாடி ஏறச் சோம்பல்பட்டு இங்கேயே கட்டிட்டேன்."

கட்டிலில் இருந்த அம்மா வாயே திறக்கவில்லை. ராத்திரி பகலாகப் பார்த்துக்கொள்கிறவளுக்காக ஒரு வார்த்தை பரிந்து பேசினால் என்ன குறைந்துவிடும்? நல்ல மனுஷி!

மகள் கயிற்றை அவிழ்த்துக் குப்பைக்கூடையில் போட்டாள். நாற்காலியைச் சுவரோரம் தள்ளினாள். வாங்கி வந்த புதுத் திரைச்சீலையை மாட்டினாள்.

"இப்போ எப்படிம்மா இருக்கு?"

"அப்படியே நம்ம வீடுதான்டி."

"காலையில ஃபிளைட்டும்மா. ரெண்டே வருஷம். கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும்."

அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஆயாவை ஒரு முறை முறைத்துவிட்டுக் கிளம்பினாள்.

கார் சத்தம் அடங்கியது. ஆயா கூடையிலிருந்து கயிற்றை எடுத்து மறுபடி இழுத்துக் கட்டினாள். நாற்காலியை நடுவில் போட்டாள்.

அம்மா எழுந்தாள். கயிற்றைப் பிடித்தபடி ஒவ்வொரு அடியாக நடந்து, நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தாள்.

"என்னால உனக்கு வீண் திட்டு."

"திட்டுதானே, அப்பவே துடைச்சுப் போட்டுட்டேன். இந்த மூணு மாசத்துல பார்வை சுத்தமா போயிடுச்சுன்னு சொல்லியிருக்கலாமேம்மா?"

"சொன்னா ஃபிளைட் ஏற மாட்டா. நாலு வருஷம் வேலையில்லாம அலைஞ்சவ. இதையும் என்னால விட்டுட்டா, அந்தப் பாவம் எனக்கெதுக்கு?"

 ஆயாவின் கையைத் துழாவிப் பிடித்துக்கொண்டாள்.

"அதை விடு, நீ சொல்லு. எம்பொண்ணு முகம் எப்படி இருந்துச்சு? போறப்போ என்னைத் திரும்பிப் பார்த்தாளா?"