ஆமைக் கதவு

குளக்கரையில் சாயங்காலமானால் மைனா கதை சொல்லும். ஆமைக்குக் கதை என்றால் உயிர். ஆனால் கதையில் புலி வாயைப் பிளக்கிற நேரம் பார்த்துத்தான் தவளை நடுவில் வந்து குதிக்கும்.

"மேனி மினுமினுக்க நரியார் கடைச் சேறு! இன்றே பூசுங்கள்!"

அது ஓய்வதற்குள் ஆமைக்குப் புலியே மறந்துபோகும்.

ஒருநாள் தலையை ஓட்டுக்குள் இழுத்துப் பார்த்தது ஆமை. விளம்பரத்தோடு கதையும் போயிற்று.

"இது சரிப்படாது" என்று மறுநாள் மைனாவையும் கதை கேட்க வந்த எல்லோரையும் பெருச்சாளியின் வளைக்குள் அனுப்பிவிட்டு, தானே கதவாக வாசலை அடைத்து உட்கார்ந்துகொண்டது. முகம் உள்ளே, முதுகு வெளியே.

தவளை வந்து அந்த முதுகைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தியது. மூச்சு வாங்க நிறுத்தியபோது உள்ளேயிருந்து மைனாவின் குரல் லேசாகக் கசிந்தது. புலி வாயைப் பிளந்துகொண்டிருந்தது! தன் முறை எப்போது வரும் என்றே இத்தனை நாளும் காத்திருந்த தவளை, கதையைக் காதில் வாங்கியதே இல்லை.

டொக் டொக்கென்று ஓட்டைத் தட்டியது.

"ஆமையண்ணே, புலி கடிச்சுதா இல்லையா? எனக்கும் கொஞ்சம் இடம் விடுங்களேன்."

ஆமை திரும்பாமலே சொன்னது: "தாராளமா வா. வாயை மட்டும் வாசல்லயே கழட்டி வெச்சுட்டு வா."