நடுக்கக் குமிழ்

கை நடுங்குகிறது என்று ஒலிப்பதிவுக் கூடங்கள் கைகழுவிவிட்ட வயலின்காரர் அம்புரோஸை, கணினிக்குள்ளேயே ஒரு முழு ஆர்கெஸ்ட்ராவை உருவாக்கிக்கொண்டிருந்த கம்பெனி கூப்பிட்டது. மனிதர் புதுமாப்பிள்ளை மாதிரி சட்டைக்கு இஸ்திரி போட்டு, நடுக்கத்துக்கான மாத்திரையையும் ஒன்றுக்கு இரண்டாக விழுங்கிக்கொண்டு போனார். ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாக இழுக்கச் சொன்னார்கள். வில் கோடு கிழித்தாற்போல் போயிற்று. இந்தக் கையையா வேண்டாம் என்றார்கள் என்று அவருக்குக் கண் கலங்கியது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மென்பொருள் எழுதும் மிதுனா நெளிந்தாள். "சுத்தமான சத்தம் எங்ககிட்ட நிறையவே இருக்கு சார். மெஷின் மாதிரி இருக்குன்னு வாங்கறவங்க திட்டறாங்க. உங்க நடுக்கத்துக்காகத்தான் கூப்பிட்டோம்."

"அது இன்னிக்கு லீவும்மா."

"நாளைக்கு மாத்திரை போடாம வர்றீங்களா சார்?"

வந்தார். வில் தந்தியில் தத்தளித்தது. எல்லோரும் கைதட்டினார்கள். சில மாதம் கழித்துக் கூப்பிட்டு, திரையில் ரேடியோவில் திருகுவது போன்ற ஒரு குமிழைக் காட்டினாள் மிதுனா. அதன் கீழே 'நடுக்கம்' என்றிருந்தது. "வேணுங்கற அளவு வச்சுக்கலாம் சார். நீங்களே திருப்பிப் பாருங்க."

அவர் வாசித்த சுரம் ஒலித்துக்கொண்டிருக்க, அம்புரோஸ் மவுஸைப் பிடித்துக் குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பினார். கை நின்றால்தானே! குமிழ் பூஜ்யத்தைத் தொட்டுத் தொட்டு விலகியது. தொட்ட கணங்களில் மட்டும் அவருடைய பழைய கை வாசித்தது.