இடது காதின் களைப்பு

காதுப் பரிசோதனை அறையில் அமர்ந்திருந்த கிட்டார்க்காரர் பொத்தானை அழுத்தினார்.

உண்மையில் அவருக்கு ஒன்றுமே கேட்கவில்லை.

வலது காதில் எல்லாம் முறையாகத்தான் நடந்தது. ஒலி கேட்கும், அழுத்துவார். இடது காதுக்கு மாற்றியதும் முதல் சில ஒலிகள் கேட்டன. பிறகு ஒலி படிப்படியாக மேலேறி, கொசுவின் முனகலாக மெலிந்து, எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது.

ஆனால் நான்கு எண்ணிக்கைக்கு ஒருமுறை ஒலி வருகிறது என்பதை அவருடைய கால் அதற்குள் கண்டுபிடித்துவிட்டிருந்தது. இருபது ஆண்டுகள் தாளம் போட்டுப் பழகிய கால் அல்லவா!

ஒன்று, இரண்டு, மூன்று, அழுத்து.

தோளில் கிடந்த வெள்ளைத் துணியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். வீட்டிலிருந்து கிளம்பிய அவசரத்தில் அதை எடுத்து வைக்க மறந்திருந்தார்.

ஒன்று, இரண்டு, மூன்று, அழுத்து.

செய்வது தவறு என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆயினும் நாளை மறுநாள் ஒலிப்பதிவு. பதினோரு ஆண்டுகளாகக் குழு காத்திருந்த முதல் ஒலிப்பதிவு. காதில் கோளாறு என்று தெரிந்தால் தம் இடத்தை வேறொருவருக்கு விட்டுக் கொடுத்துவிடுவதாக, மனைவியின் தம்பியிடம் அவரே வாயை விட்டிருந்தார். குழுவில் கீழ் ஸ்தாயிக்கான பேஸ் கிட்டார் வாசிப்பவர் அந்த மைத்துனர்தான். இன்று துணைக்கு வந்து, கனத்த கதவுக்கு வெளியே வரவேற்பறையில் அமர்ந்திருப்பவரும் அவரே.

சிக்கல் இரண்டு மாதங்களுக்கு முன் தொடங்கியது. ஒரு நாள் கிட்டார், கண்ணாடி டம்ளரில் கரண்டி பட்டதுபோல் கணீரென்று ஒலிக்கும். மறுநாள் அதே கிட்டார், அதே கம்பி, அதே ஆம்ப்ளிஃபயர். யாரோ போர்வைக்குள் உட்கார்ந்து வாசிப்பதுபோல் இருக்கும். அத்தகைய நாள்களில் அவர் மேல் ஸ்தாயியைக் கூட்டும் ட்ரெபிள் குமிழைக் கடைசி வரை திருப்பிவிடுவார்.

"மாமா, பல்லு கூசுது," என்று மைத்துனர் தாடையைப் பிடித்துக்கொள்வார்.

கம்பிகளை நான்கு முறை மாற்றினார். கேபிளை மாற்றினார். காபியை விட்டுப் பார்த்தார். காபி இல்லாமல் மனநிலை கெட்டதுதான் மிச்சம். கடைசியில் நல்ல நாளுக்கு வட்டமும் கெட்ட நாளுக்குப் பெருக்கல் குறியும் போட்ட நாள்காட்டியுடன், காதுப் பரிசோதனை செய்யும் அம்மையாரிடம் வந்து சேர்ந்தார். அம்மையார் ஒரு வட்ட நாளிலும் ஒரு பெருக்கல் நாளிலும் வரச் சொன்னார்.

நேற்று வட்டம். இரண்டு காதுகளும் இருபது வயதுப் பையனின் காதுகள் என்று பாராட்டு கிடைத்தது.

இன்று பெருக்கல்.

ஒன்று, இரண்டு, மூன்று, அழுத்து.

கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்து அம்மையாரின் குரல் வலது காதில் ஒலித்தது.

"சார், கடைசி ஆறு தடவை நான் சத்தமே அனுப்பலையே!"

கிட்டார்க்காரர் தலை குனிந்தார். இருக்கைக்கு அடியில் கால் மட்டும் இன்னும் தட்டிக்கொண்டிருந்தது.

தடுப்புக்கு அப்பால் அம்மையாரின் தோள்கள் குலுங்கின. சிரித்து முடித்ததும், தாளம் பிடிபடாத வகையில் இடைவெளிகளை மாற்றி மாற்றி ஒலியை அனுப்பி, பரிசோதனையைத் திரும்பவும் நடத்தினார். முடித்துவிட்டுத் தாளும் கையுமாக வந்து எதிரே அமர்ந்தார்.

"பயப்படாதீங்க சார், காது கெட்டுப்போகல. களைச்சுப்போயிருக்கு, அவ்வளவுதான். பெரிய சத்தத்துக்குப் பக்கத்துல இருந்தா மேல் ஸ்தாயி எல்லாம் கொஞ்ச நேரத்துக்கு மங்கிடும். ஓய்வு குடுத்தா நாளைக்கே திரும்பிடும். ஆனா அது என்ன சத்தம்னு கண்டுபிடிச்சாகணும்."

கிட்டார்க்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒலிப்பதிவு கைவிட்டுப் போகவில்லை! அந்த நன்றியில், தம்மால் இயன்றவரை நேர்மையாக யோசித்துப் பார்த்தார்.

மனைவி இரண்டு மாதங்களாக ஒரு மருந்துக்கடையில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வேலை பார்க்கிறார். அவர் வேலைக்குப் போகும் நாள்களில் இவர் வீட்டோடு இருக்கிறார். மாலையில், தினமும் நடக்கும் ஒத்திகைக்குத்தான் வெளியே இறங்குவது. அக்கம்பக்கத்தில் பட்டறை கிடையாது. நாய் கிடையாது. மிக்ஸியைக்கூட மனைவி முந்தின நாளே ஓட்டி முடித்துவிடுவார்.

"சத்தம்னு எதுவுமே இல்ல மேடம். வீட்டுலதான் இருக்கேன். சொல்லப்போனா, அந்த நாள்தான் எனக்கு ரொம்பப் பிடிச்ச நாளே."

கனத்த கதவை யாரோ தட்டுவதுபோல் அதிர்வு தெரிந்தது. அம்மையார் எழுந்து போய்த் திறந்தார்.

மேசை மேலிருந்த, ஒலியின் அளவைக் காட்டும் கருவியின் முள் துள்ளி எழுந்து வலக்கோடியில் போய் முட்டியது.

வரவேற்பறையில் மூன்று பேர் காதைப் பொத்திக்கொண்டு அமர்ந்திருந்தனர். வாசலில் மைத்துனர், கைகளை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டி, ஒரு கைக்குழந்தையை ஏந்தியபடி நின்றார்.

"மாமா, உங்க பொண்ணை நீங்களே பிடிங்க! நான் பேஸ் வாசிக்கிறவன், இந்த ஸ்தாயி எல்லாம் எனக்குத் தாங்காது!"

கிட்டார்க்காரர் ஓடிச் சென்று மகளை வாங்கினார். வழக்கம்போல் இடது தோளில், வெள்ளைத் துணியின் மேல் சாய்த்துக்கொண்டார். குழந்தை அவர் காதோடு வாயைப் பொருத்தி, இருந்த மூச்சையெல்லாம் திரட்டி வீறிட்டது. அவரோ முகமெல்லாம் பூரிக்க, அதன் முதுகை மெல்லத் தட்டிக்கொடுத்தார்.

ஒன்று, இரண்டு, மூன்று, தட்டு.

அம்மையார் முள்ளைப் பார்த்தார். துணியைப் பார்த்தார். நாள்காட்டியின் பெருக்கல் குறிகளைப் பார்த்தார். பிறகு, தம் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு உரத்த குரலில் கேட்டார்.

"சார், இந்தச் சத்தம் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் இருக்கும்?"

கிட்டார்க்காரர் வலது காதை அவர் பக்கம் பணிவோடு திருப்பினார்.

"எந்தச் சத்தம் மேடம்?"