நாலு மணி நேரம் தாங்கும் பேட்டரி

மூன்றே முக்காலுக்கே எழிலன் பையை எடுத்து வைத்துவிட்டான். மாலை மீஞ்சூரில் அவன் மகளுக்குப் பெயர் வைக்கிறார்கள். ஐந்து மணி ரயிலைப் பிடித்தாக வேண்டும்.

நான்கு மணிக்கு, தினம் போலவே, கல்மண்டபத்து ஷிப்பிங் ஆபீசில் கரண்ட் போனது.

"லேப்டாப் ஓடாதவங்க வீட்டுக்குப் போங்க," என்றார் மேனேஜர். "எழிலா, உன்னோடது நாலு மணி நேரம் தாங்குமில்ல? எல்லாரோட சரக்கு லிஸ்டையும் நீயே முடிச்சிடு."

"சார், இன்னிக்கு என் பொண்ணுக்கு..."

"கப்பல் காத்திருக்காதுப்பா."

மற்ற நால்வரும் எழுந்தார்கள். அவர்களில் ஒருவனான பாரியின் கையை எழிலன் பிடித்தான்.

"அப்பவே படிச்சுப் படிச்சு சொன்னனே மாமு. சார்ஜ் எண்பது பர்சென்ட் வந்தா வயரப் புடுங்கு, இருவதுக்குக் கீழ எறங்க வுடாத, சூடாவ வுடாதன்னு. கேட்டிருந்தா இன்னிக்கு ஆளுக்குக் கொஞ்சம் முடிச்சிருக்கலாம்."

"கேட்டோமே. நாலு பேரும் எழுதிகூட வச்சிக்கினோம்."

"அப்புறம் இன்னாத்துக்கு ஆறே மாசத்துல எல்லார் பேட்டரியும் செத்துச்சு?"

பாரி மேனேஜர் அறையை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"நீ கூடாதுன்னு சொன்னத மட்டும் ஒண்ணு வுடாம செஞ்சோம், மாமு."