மீதி நாற்பது பக்கம்

"கதையில டாரஸ் செத்துப்போன இடத்தைப் படிச்சியாப்பா? எப்படி இருந்துச்சு?" என்று டெசா கேட்டாள்.

போனில் அப்பா ரோலண்டின் குரல் வந்தது.

"பாவம் குட்டி. நல்ல பையன். எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு."

"அவன் சாகவே இல்ல."

டெசா அதோடு விடவில்லை.

"ரெண்டு வாரமாவே சந்தேகம். நான் சொல்றதையே திருப்பிச் சொல்ற. நீ படிக்கவே இல்லைதானே? ஒரு பக்கமாவது புரட்டினியா?"

"அது வந்து... இங்க வேலை ஜாஸ்தி குட்டி."

"ஜெயில்ல உனக்கு அப்படி என்ன வெட்டி முறிக்கிற வேலை?"

டெசா போனை வைத்துவிட்டாள். சிறையில் கொடுத்த பதினைந்து நிமிடத்தில் இன்னும் ஒன்பது நிமிடம் பாக்கி இருந்தது.

ரோலண்ட் ஓக்லஹோமாவில் சிறைக்குப் போய் இது நான்காவது வருடம். முதல் வருடம் அப்பாவுக்கும் மகளுக்கும் பேச ஒன்றுமே இருக்கவில்லை. "சாப்டியா?" "ம்." "ஸ்கூல்?" "ம்."

அப்புறம்தான் அந்தக் கதைவரிசை அவள் கையில் கிடைத்தது. பேருக்குப் பதில் நம்பர் போட்டு ஜனங்களை மதிலுக்குள் அடைத்து வைத்திருக்கும் ஒரு நகரம். அதை எதிர்த்து நிற்கும் ஜூனா என்கிற பதினாறு வயதுப் பெண். இரண்டு பிரதி வாங்கி, இவளுக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. வாரம் ஐந்து அத்தியாயம். ஞாயிறு மதியம் அவர் கூப்பிட்டால், ஜூனா செய்தது சரியா தப்பா என்று இருவரும் அடித்துக்கொள்வார்கள்.

"நீ படிச்சாத்தான் நானும் படிப்பேன்." இது டெசா போட்ட சட்டம். நான்கு பாகங்கள் அப்படியே முடிந்தன. ஐந்தாவதுதான் கடைசி.

சோபாவில் காலை நீட்டிப் படுத்திருந்த அம்மா, தலையைத் தூக்காமலே கேட்டாள். "என்னவாம் உங்கப்பனுக்கு?"

"ஏமாத்திட்டாரு. புத்தகத்தைத் தொடவே இல்ல."

"உங்கப்பன் எதை முழுசா முடிச்சிருக்கான்? படிப்பையா, கல்யாணத்தையா? இந்தத் தண்டனை ஒண்ணைத்தான் முடிப்பான். அதுவும் அவங்க விடாததால."

மற்ற நாளாக இருந்தால் டெசா அம்மாவோடு சண்டைக்குப் போயிருப்பாள். அன்று போகவில்லை.

மறுநாள் பள்ளி விட்டதும் நேராகப் புத்தகக் கடைக்குப் போனாள். சிறைக்குப் புத்தகம் கடையிலிருந்துதான் போக வேண்டும், வீட்டிலிருந்து அனுப்பினால் வாங்கமாட்டார்கள். ஐந்து பாகங்களையும் ரோலண்டுக்கு அனுப்பியது கடைக்காரி மிஸ் ஓபல்தான்.

டெசா தன் பிரதியை மேஜையில் பொத்தென்று போட்டாள். "இதைப் பழைய புத்தகமா எடுத்துக்குங்க மிஸ் ஓபல்."

மிஸ் ஓபல் அடையாளச் சீட்டு இருந்த இடத்தைப் பிரித்துப் பார்த்தாள். "இன்னும் நாப்பது பக்கம் இருக்கேம்மா."

"எனக்கு வேணாம். அந்தாளு பொய்யன். அவருக்கு அனுப்புனதைக் குப்பையில போட்டிருக்கலாம்."

மிஸ் ஓபல் கண்ணாடியைக் கழற்றினாள். துடைத்தாள். மறுபடி போட்டுக்கொண்டாள்.

"சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுத்திருக்கேன். ஆனா நீ இப்படிப் பேசறதைக் கேட்டுட்டு என்னால சும்மா இருக்க முடியல."

மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பார்சலை எடுத்து வைத்தாள். உள்ளே கடைசிப் பாகம், புத்தம் புதுசாக. மேலே சிறையின் சீட்டு ஒட்டியிருந்தது.

'அனுமதி இல்லை. காரணம்: கைதிகள் சிறையை உடைக்கும் காட்சிகள். ஒழுங்குக்குக் கேடு.'

தேதி, ஏழு வாரத்துக்கு முந்தையது.

கூடவே அப்பாவின் கையெழுத்தில் ஒரு கடிதம். உறையில் அவர் பேருக்குக் கீழே ஆறு இலக்க நம்பர்.

'மிஸ் ஓபல், புத்தகம் திரும்பி வந்ததை டெசாகிட்ட தயவுசெய்து சொல்லாதீங்க. நான் படிக்கலன்னா அவளும் படிக்க மாட்டா. மூணு வருஷமா இதுக்காகக் காத்திருக்கா. அவளாவது முடிக்கட்டும். போன்ல அவ சொல்லச் சொல்லக் கேட்டு நான் சமாளிச்சுக்கறேன். அவ சொல்றது புத்தகத்தை விட நல்லா இருக்கு.'

டெசா அதை இரண்டு தடவை படித்தாள். காது வரைக்கும் சுட்டது. கோபம் போகவில்லை. அதற்கான ஆள்தான் மாறியது.

மேஜையில் போட்ட புத்தகத்தை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

ஞாயிறு மதியம் போன் அடித்ததும் முதல் மணியிலேயே எடுத்தாள்.

"எடுக்க மாட்டியோன்னு பயந்துட்டேன் குட்டி," என்றார் ரோலண்ட். "நான் சோம்பேறிதான், ஒத்துக்கறேன். கதை கொஞ்சம் இழுவையா இருந்துச்சா, அதான்..."

அப்போதும் பொய்தான் சொன்னார்.

டெசா புத்தகத்தைப் பிரித்து வாசிக்க ஆரம்பித்தாள். "அத்தியாயம் முப்பத்தொன்று. சாவிகள் எல்லாம் காவலர்களிடம் இருந்தன. ஆகவே ஜூனா கடப்பாரையை எடுத்தாள்..."

ரோலண்ட் குறுக்கிட்டார்.

"மிஸ் ஓபல் சொல்லிட்டாங்களா?" என்றவர், சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "வேணாம் குட்டி, வேற ஏதாவது பேசு. இந்த போனை அவங்க ஒட்டுக் கேப்பாங்க."

"கேக்கட்டும்ப்பா." டெசா குரலை இன்னும் உயர்த்தினாள். "திருப்பி அனுப்பற அவசரத்துல, முடிவு என்னன்னு அவங்களும்தான் படிச்சிருக்க மாட்டாங்க."