டபுள் ஆக்‌ஷன்

"அசையாதே! என்னோடது டபுள் ஆக்‌ஷன் ரிவால்வர். பழைய மாடல் மாதிரி மேல இருக்கற சுத்தியலைப் பின்னால இழுக்கவே வேண்டாம். விசையை அழுத்தினாலே வெடிக்கும்!"

மைசூர் விஜயநகர் வீட்டில், பூட்டிய பீரோ முன்னால் நின்ற திருடனைப் பார்த்துக் கத்தினார் ஓய்வுபெற்ற எஸ்டேட் மேனேஜர் அய்யாசாமி.

"அழுத்துங்க சார்," என்றான் திருடன்.

அய்யாசாமி பரிதாபமாக மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"அதைத் தொடக்கூடாதுங்க!" என்றாள் சுந்தராம்பாள்.

அன்று ஆயுத பூஜை. சாமுண்டி படத்தின் முன்னால், சந்தனமும் குங்குமமும் பூசிக்கொண்டு ரிவால்வர் படுத்திருந்தது. மறுநாள் காலைவரை எடுக்கக் கூடாது.

"அது சரி, நீ ஏண்டா இன்னும் பீரோவை உடைக்கல?" என்றார் அய்யாசாமி.

திருடன் தலையைச் சொறிந்தான். "என் கடப்பாரையும் வீட்டுல பூஜையிலதான் சார் இருக்கு."

சுந்தராம்பாள் அவனிடம் பொரிப் பொட்டலத்தை நீட்டினாள்.

"அப்ப ரெண்டு பேரும் நாளைக்குப் பாத்துக்குங்க."